எபிசோட் 38: மே மாச நார்வேயும் மீன் வெட்டப் போனவங்களும்

இதை ரெக்கார்ட் பண்றப்போ நூம்பல்ல மதியம் ரெண்டு மணி. மைக்ல காத்து சத்தம் விழக்கூடாதுன்னு ஃபேனை நிறுத்தி வெச்சிருக்கேன். அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் நாலு நாள் இருக்கு. நடுவுல நான் தண்ணி குடிக்கிற சத்தம் வந்தா மன்னிச்சிடுங்க. எழுத்தா படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

போன சனிக்கிழமை இதே நேரம் நான் நார்வேயில இருந்தேன். ஆஃபீஸ் வேலையா ரெண்டு வாரம் ஒஸ்லோ. மே மாசம் அங்கே என்ன பார்க்கலாம்னு தேடினா எல்லா டிராவல் சேனலும் ஒரே பாட்டைத்தான் பாடுது. மேற்குப் பக்கம் ஹார்டாங்கர் ஃபியோர்டு ஓரமா ஆப்பிள் மரமெல்லாம் பூத்திருக்கும், பனி உருகுறதால அருவி எல்லாம் ரொம்பி விழும், கூட்டம் ஜூன் கடைசிலதான் வரும், அதனால மே தான் நல்ல நேரம். பொய் எதுவும் இல்லை. நானும் இதை வெச்சு ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு வெச்சிருந்தேன்.

வளசரவாக்கத்துல எனக்கு ஒரு ஃப்ரெண்ட் இருக்கான். அவங்க குடும்பம் யாழ்ப்பாணத்துல இருந்து எண்பதுகள்ல வந்தவங்க. அவனோட பெரியப்பா ஒஸ்லோவுல இருக்கார். அவன் நம்பர் கொடுத்தான். நான் மெசேஜ் போட்டு அஞ்சு நிமிஷத்துல வாய்ஸ் நோட் வந்துடுச்சு. "தம்பி, மே எண்டு சொல்லி ஏமாறாதையும். தடிச்ச ஜக்கெட் ஒண்டு கொண்டு வாரும். முதல் ஹம்மர்ஃபெஸ்ட் போய்ப் பாரும். பிறகு 17ஆம் திகதி ஒஸ்லோவில நில்லும். 18ஆம் திகதியும் நில்லும்."

அவ்வளவுதான். எக்ஸெல் ஷீட்டை மூடிட்டேன். அந்த வாய்ஸ் நோட்ல சொன்னதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

ஹம்மர்ஃபெஸ்ட் எங்கே இருக்குன்னா, நார்வேயோட வடகோடி ஃபின்மார்க் பகுதியில, 70 டிகிரி அட்சரேகைக்கும் மேல. நம்ம சென்னை 13 டிகிரி. மே 10ஆம் தேதி, ட்ரோம்சோவுல விமானம் மாறி, ஒரு சின்ன ப்ரொபெல்லர் விமானத்துல போய் இறங்கினேன். மலையெல்லாம் இன்னும் வெள்ளையா இருக்கு. நாலு டிகிரி. ஆலங்கட்டியும் இல்லாம மழையும் இல்லாம ஏதோ ஒண்ணு பக்கவாட்டுல அடிக்குது. அங்கே இதுக்குப் பேர் வசந்தம்! நடு ரோட்ல ரெயின்டீர் மான் நின்னுக்கிட்டு காரை எல்லாம் நிறுத்தி வெச்சிருந்துச்சு. அதைப் பார்த்ததும்தான் வேலப்பன்சாவடி சர்வீஸ் ரோட்ல நிக்கிற எருமை ஞாபகம் வந்து மனசுக்குக் கொஞ்சம் தெம்பா இருந்தது.

இன்னொரு ஏமாற்றம். நள்ளிரவுச் சூரியன் பார்க்கலாம்னு போனேன். ஹம்மர்ஃபெஸ்ட்ல அது தொடங்குறது மே 16. நான் ஆறு நாள் முன்னாடி போய் நிக்கிறேன். சூரியன் கொஞ்ச நேரம் கடலுக்குக் கீழ போயிட்டு வந்துச்சு, ஆனா இருட்டவே இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்து லைட் போடாம புத்தகம் படிக்கலாம். சென்னையில வருஷத்தோட நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால நமக்கு வெளிச்சம்ங்கிறது ஒரு பிரச்சினையாவே தோணினதில்லை. நமக்கு வெயில்தான் பிரச்சினை. அங்கே இந்த வெளிச்சம் ரெண்டு மாசத்துக்கு மேல விடாது. அதுக்குப் பதிலா நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி மூணாவது வாரம் வரைக்கும் சூரியன் எட்டியே பார்க்காது.

ஹம்மர்ஃபெஸ்ட்ல எல்லாரும் போய்ப் பார்க்கிற ஒரு இடம், ஊருக்கு எதிர்ப்புறம் இருக்கிற ஒரு கிரானைட் தூண். உச்சியில ஒரு வெண்கல உருண்டை, பூமி மாதிரி. 1854ல வெச்சது. ஸ்த்ரூவ என்கிற வானியலாளர் தலைமையில 1816ல இருந்து 1855 வரைக்கும், கருங்கடல் பக்கத்துல இருந்து இந்த ஊர் வரைக்கும், சுமார் 2,820 கிலோமீட்டர் தூரத்தை முக்கோணம் முக்கோணமா அளந்தாங்க. பூமி சரியான உருண்டை இல்லை, துருவத்துல தட்டையா இருக்குன்னா, ஒரு டிகிரி அட்சரேகையோட நீளம் வடக்கே போகப் போகக் கூடணும். எவ்வளவு கூடுதுன்னு பார்க்கத்தான் இந்த அளவு. வடகோடியில அளவு முடியிற இடம் இந்தத் தூண். 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்துட்டாங்க.

இதே வேலையை அதுக்கு முன்னாடியே எங்கே தொடங்கினாங்க தெரியுமா? எங்க வீட்ல இருந்து போரூர் வழியா பைக்ல போயிடலாம். பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி, வில்லியம் லாம்டன் நூறு அடி இரும்புச் சங்கிலியை வெச்சுக்கிட்டு பரங்கிமலையில இருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும் ஏழரை மைல் அளக்க ஆரம்பிச்சார். முடிச்சது மே 22. அதாவது அக்னி நட்சத்திர வெயில்ல. சூட்டுல சங்கிலி நீளும், அதனால பெட்டிக்குள்ள சங்கிலியை வெச்சு, மேல கூடாரம் போட்டு, தெர்மாமீட்டர் பார்த்துக் கணக்கைத் திருத்தித் திருத்தி அளந்தாங்க. இன்னைக்கு இருக்கிற கணக்குப்படி சென்னை பக்கத்துல ஒரு டிகிரி கிட்டத்தட்ட 110.6 கிலோமீட்டர், ஹம்மர்ஃபெஸ்ட் பக்கத்துல 111.6. ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம். நான் அந்தத் தூண் பக்கத்துல நின்னு, பற்கள் கிடுகிடுன்னு ஆட, ஒரு செல்ஃபி எடுத்தேன். அந்த செல்ஃபி பின்னாடி வரும்.

தூணை விட்டு ஊருக்குள்ள வந்தா இன்னொரு விஷயம் கண்ணுல படும். 1789லயே நகரமான ஊர் இது. ஆனா ஒரு பழைய கட்டடம் கூட இல்லை. எல்லாம் ஐம்பதுகள்ல கட்டின சின்னச் சின்னப் பெட்டி வீடுகள். 1944ல ஜெர்மன் ராணுவம் பின்வாங்கினப்போ, பின்னாடி வர்ற சோவியத் படைக்கு ஒண்ணும் மிஞ்சக்கூடாதுன்னு ஃபின்மார்க் முழுக்க எரிச்சுட்டுப் போனாங்க. மக்களை வலுக்கட்டாயமா தெற்கே அனுப்பினாங்க. ஹம்மர்ஃபெஸ்ட்ல மிஞ்சினது ஒரே ஒரு கட்டடம், கல்லறைத் தோட்டத்துல இருக்கிற சின்ன இறுதிச்சடங்குக் கோயில். அந்த மீள்கட்டுமானத்துக்குன்னே ஊர்ல ஒரு மியூசியம் இருக்கு.

பெரியப்பா அந்த ஊருக்கு 1987ல வேலைக்கு வந்தவர். வந்த புதுசுல கூட வேலை செஞ்ச ஒரு நார்வேக்கார அம்மா, குழந்தையா இருந்தப்போ படகுல தூக்கிட்டுப் போனதைச் சொன்னாங்களாம். இவருக்கு அப்போ நோர்வேஜியன் பாதிதான் புரியும். "எரிச்சது எண்ட சொல்லு மட்டும் விளங்கினது தம்பி. அது காணும்." (அவர் 'நோர்வே'ன்னுதான் சொல்வார், நான் 'நார்வே'. ரெண்டு பேரும் மாத்திக்கலை.) யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது 1981 மே 31 ராத்திரி. சுமார் 97,000 புத்தகம், ஓலைச்சுவடி. அப்போ அவருக்குப் பதினெட்டு வயசு.

சரி, யாழ்ப்பாணத்துப் பையன் எப்படி 70 டிகிரி வடக்குல போய் நின்னார்? இதைத்தான் எனக்கு முக்கியமா சொல்லணும். நான் போறதுக்கு முன்னாடி நினைச்சிருந்தது: போர் வந்தது, எல்லாரும் கிடைச்ச நாட்டுக்கு ஓடினாங்க, சிலருக்கு நார்வே கிடைச்சது. அது பாதிதான் சரி. கதையோட முன்பாதியில, அவங்கதான் முதல்ல நம்ம கடலுக்கு வந்தாங்க. மீன் வழியா.

1952 அக்டோபர்ல இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூணும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டன. கொல்லம் பக்கத்துல நீண்டகரை, சக்திகுளங்கரை மீனவர் ஊர்கள்ல தொழிலை நவீனப்படுத்துறது திட்டம். நார்வே இன்னொரு நாட்டுக்குச் செய்த முதல் வளர்ச்சி உதவித் திட்டம் அதுதான். எஞ்சின் வெச்ச படகு, ஐஸ் ஃபாக்டரி எல்லாம் வந்தது. பின்னாடி மண்டபம் வரைக்கும் அந்தத் திட்டம் நீண்டது. எல்லாம் நல்லதா முடியலை. இறால் ஏற்றுமதியில காசு இருக்குன்னு தெரிஞ்சதும் இழுவைப் படகுகள் பெருகி, கட்டுமரக்காரங்களோட மோதல் வெடிச்சது. கேரளாவுல பருவமழைக்கால இழுவைத் தடை வந்தது 1988ல. நம்ம பக்கம் இப்போ ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடை. மே மாசம் காசிமேடு போனா விசைப்படகெல்லாம் வரிசையா கட்டிக் கிடக்கும், வஞ்சிரம் விலை எட்டாத உயரத்துல இருக்கும். அந்த விசைப்படகுக் கதையிலயும் ஒரு நார்வே அத்தியாயம் இருக்கு.

யாழ்ப்பாணத்துக்கு வந்தது அரசாங்கத் திட்டம் இல்லை, ஒரு தனி மனுஷன். குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம். 1956ல நார்வே போய்ச் சேர்ந்தார். அந்த நாட்டுல குடியேறின முதல் ஈழத்தமிழர்னு அவரைத்தான் சொல்றாங்க. மீன்பிடித் தொழிலைப் படிச்சார், நார்வே பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ஊர்ல தன்னோட ஆட்கள் இன்னும் பழைய படகுல போறது அவருக்கு உறுத்திக்கிட்டே இருந்திருக்கணும். 1967ல நார்வே நண்பர்களோட சேர்ந்து 'சீ-நோர்' நிறுவனத்தைத் தொடங்கினார். சிலோனும் நோர்வேயும் சேர்ந்த பேர். காரைநகர்ல படகு கட்டும் தளம் வந்தது. பெரியப்பா காரைநகர்க்காரர். ஸ்கூல் விட்டு வர்றப்போ அந்தத் தளத்து வேலிக்கு வெளிய நின்னு, வெள்ளைக்காரங்க சட்டையைக் கழட்டிட்டு வெயில்ல வேலை செய்றதை வேடிக்கை பார்த்ததா சொன்னார். நார்வேங்கிற பேர் அவர் காதுல விழுந்தது அங்கேதான்.

அந்தத் தொடர்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுபதுகள்ல பையன்கள் கொஞ்சம் கொஞ்சமா போக ஆரம்பிச்சாங்க. இலங்கையில பல்கலைக்கழகத் தரப்படுத்தல் வந்து, நல்ல மார்க் எடுத்த தமிழ்ப் பையன்களுக்கே இடம் கிடைக்காத காலம். நார்வேயோ 1975ல வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கதவைச் சாத்திடுச்சு. ஆனா மாணவர்களுக்கு ஒரு சன்னல் திறந்திருந்தது. அங்கே 'ஃபோல்க ஹொய்ஸ்கூல'ன்னு ஒரு வகைப் பள்ளிகள் உண்டு, மக்கள் உயர்பள்ளின்னு சொல்லலாம். முதல் பள்ளி 1864ல ஹாமர் ஊர்ல தொடங்கினது. ஒரு வருஷம் தங்கிப் படிக்கணும், பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. பாட்டு, பனிச்சறுக்கு, மரவேலை, உலக விஷயம். தரப்படுத்தலால அடிபட்டு வந்த பையனுக்கு, பரீட்சையே இல்லாத ஸ்கூல்! 1983 ஜூலைக்குப் பிறகு அந்த சன்னல் வழியா உயிரைக் காப்பாத்திக்க வந்தவங்கதான் அதிகம். பெரியப்பா 1986ல வந்தார்.

அந்த ஒரு வருஷம் முடிஞ்சதும் வேலை வேணும். ஃபின்மார்க்ல மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேணும், ஏன்னா உள்ளூர் இளைஞர்கள் தெற்கே போய்க்கிட்டே இருந்தாங்க. ஹம்மர்ஃபெஸ்ட், பாட்ஸ்ஃபியோர்ட், வார்டோன்னு ஒவ்வொரு மீன்பிடி ஊர்லயும் தமிழ்க் குரல் கேட்க ஆரம்பிச்சது. இதுல ஒரு வேடிக்கை, வந்தவங்கள்ல பல பேர் மீனவக் குடும்பமே இல்லை. கணக்கு, பௌதிகம் படிச்ச பையன்கள். மீனை முழுசா வெட்டத் தெரியாது.

இப்போ மே மாசத்துக்குத் திரும்பி வரேன். ஃபின்மார்க்ல வசந்தம்னா கோட் மீன் சீசன். லொட்டன்னு ஒரு சின்ன மீன் கூட்டம் கூட்டமா முட்டையிடக் கரைக்கு வரும். அதைத் தின்ன கோட் மீன் துரத்திக்கிட்டு வரும். படகு நிறைய மீன். தொழிற்சாலையில ஓவர்டைம். கீழிருந்து வெளிச்சம் வர்ற கண்ணாடி மேஜை மேல மீன் துண்டை விரிச்சு, முள்ளும் புழுவும் இருக்கான்னு பார்த்து வெட்டி எடுக்கணும். தலைக்கு மேல டியூப் லைட், கைக்குக் கீழ லைட், ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்தா ராத்திரி பதினொரு மணிக்குச் சூரியன். எங்கே தூங்குறது? ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டி, அதுக்கு மேல போர்வையை ஆணி அடிச்சு வெச்சாங்களாம். "சனம் காசு குடுத்துப் பார்க்க வாற சூரியனை நாங்கள் ஆணி அடிச்சு மறைச்சனாங்கள்" என்றார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. ஹம்மர்ஃபெஸ்ட்டுக்கு வடகிழக்கே நோர்ட்காப், வடமுனை. 1875லயே தாமஸ் குக் கம்பெனி அங்கே டூர் கூட்டிட்டு வந்தது. 1907ல சயாம் மன்னர் சூலாலங்கார்ன் வந்து பாறையில தன் பேரைச் செதுக்க வெச்சார். அதுக்காக அங்கே ஒரு சின்ன தாய்லாந்து மியூசியமே இருக்கு. ராஜா வந்து பார்த்துட்டுப் போனதுக்கு மியூசியம். வருஷக்கணக்கா அந்த ஊர்களைத் தூக்கி நிறுத்தினவங்களுக்கு நான் சுத்தின தெருவுல ஒரு பலகை கூடக் கண்ணுல படலை. மீன் தொழிற்சாலை ஓரமா நடந்தேன், அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.

தொண்ணூறுகள்ல பெரும்பாலான குடும்பங்கள் ஒஸ்லோவுக்கு இறங்கிட்டாங்க. 1989லயே கோட் மீன் வளம் சரிஞ்சு கட்டுப்பாடு வந்தது ஒரு காரணம். பிள்ளைங்க படிப்பு, தமிழ் வகுப்பு, கோயில் இன்னொரு காரணம். இன்னைக்கு ஒஸ்லோவுல அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் இருக்கு, ஆமெருட் பகுதியில சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கு. நார்வேயில இலங்கைப் பின்னணி உள்ளவங்க பத்தாயிரத்துக்கும் மேல. ஹம்மர்ஃபெஸ்ட்ல சின்ன வயசைக் கழிச்ச கம்சாயினி குணரட்ணம், 2015ல ஒஸ்லோவோட துணை மேயர் ஆனார், 2021ல நாடாளுமன்றத்துக்குப் போனார். 2011 ஜூலைல உத்தோயா தீவுல துப்பாக்கிச் சூடு நடந்தப்போ ஏரியில நீந்தித் தப்பிச்சவங்கள்ல அவரும் ஒருத்தர்.

மே 17. 1814ல ஈட்ஸ்வோல்ல அரசியலமைப்புச் சட்டம் கையெழுத்தான நாள். நாம தேசிய நாள்னா பீரங்கி வண்டி, ராணுவ அணிவகுப்புன்னு நினைப்போம். அங்கே ஸ்கூல் பிள்ளைங்கதான் அணிவகுப்பு. 1870ல பியோர்ன்சன் என்கிற எழுத்தாளர் தூண்டுதலால ஒஸ்லோவுல பெரிசா தொடங்கின வழக்கம். கார்ல் யூஹான் தெரு வழியா அரண்மனை வரைக்கும் கொடியை ஆட்டிக்கிட்டுப் போறாங்க, ராஜா குடும்பம் மாடியில நின்னு கை ஆட்டுது. காலையில நாலரைக்கே விடிஞ்சாச்சு. லைலாக் மொட்டு விட்டிருக்கு. வெயில் அடிச்சா எல்லாரும் ஜாக்கெட்டைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிறாங்க, மேகம் வந்தா திரும்பப் போட்டுக்கிறாங்க. இது நாள் முழுக்க நடக்குது. கூட்டத்துல பட்டுச்சேலை கட்டின அம்மாக்களை எண்ண ஆரம்பிச்சு, ஒரு கட்டத்துல விட்டுட்டேன். பெரியப்பாவோட பேத்தி ரெண்டாம் வகுப்பு. அவ ஸ்கூல் பேனர் வந்தப்போ இவர் கத்தின கத்தல்ல பக்கத்துல இருந்த நார்வேக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஐஸ்கிரீம். பிள்ளைங்க எத்தனை கேட்டாலும் அன்னைக்கு மறுக்கக்கூடாதாம்.

மறுநாள் மே 18. 2009ல முள்ளிவாய்க்கால்ல எல்லாம் முடிஞ்ச நாள். காலையில நான் அவர் வீட்டுக்குப் போனப்போ நேத்து ஆட்டின கொடி மடிச்சு அலமாரியில இருந்தது. அடுப்புல கஞ்சி. அரிசி, தண்ணி, உப்பு, வேற எதுவும் இல்லை. கடைசி வாரங்கள்ல அங்கே ஜனங்களுக்குக் கிடைச்சது அதுதான்னு, அதையே வருஷா வருஷம் காய்ச்சிக் கொடுக்கிறாங்க. அந்தக் கஞ்சியை பேத்தியும் குடிச்சா. ஏன்னு அவ கேட்கலை, அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்காங்க போல. நான் என்ன பேசுறதுன்னு தெரியாம கிண்ணத்தைப் பார்த்துக்கிட்டே குடிச்சேன். எனக்கு அப்போ பதினொண்ணு, பன்னெண்டு வயசு இருக்கும். அந்த மே மாசம் எங்க வீட்ல டிவி ஓடிக்கிட்டே இருந்தது, எங்கப்பா சாப்பிடாம உட்கார்ந்திருந்தது, அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

அப்புறம் அவர் ஒரு ஆல்பம் எடுத்துட்டு வந்தார். அதுல அந்தத் தூண். 1988 மே. நாலு பையன்கள், ஒரே மாதிரி தொளதொளன்னு ஜாக்கெட், பின்னாடி பனி. ஞாயித்துக்கிழமை வேலை இல்லாதப்போ போட்டோ எடுக்க அங்கேதான் போவாங்களாம். நார்வே வாழ்க்கை அம்மாவுக்கு அழகா தெரியணுமில்ல. பின்பக்கம், 'இஞ்ச இப்ப வசந்த காலம், நான் சுகம்'னு எழுதி ஒரு பிரதி ஊருக்கு அனுப்பியிருக்கார். அந்தப் பிரதி 1995 இடப்பெயர்வுல தொலைஞ்சு போச்சு. இது அவர்கிட்ட இருந்த இன்னொண்ணு.

நான் என் செல்ஃபியைக் காட்டினேன். ஃபோனை வாங்கி பெரிசாக்கிப் பார்த்தார். என்னைப் பார்க்கலை, பின்னாடி தெரியிற துறைமுகத்தைப் பார்த்தார். "அந்த நீலக் கட்டடம் இப்ப இல்லையோ?" அவர் எதைச் சொல்றார்னு எனக்குத் தெரியலை. "எனக்கு அனுப்பிவிடும் தம்பி" என்றார். அங்கேயே அனுப்பிட்டேன்.

சரி, இதுக்கு மேல ஃபேன் போடாம முடியாது. லாம்டன் சங்கிலியைப் பத்தி ஒரு தனி எபிசோட் பண்ணணும், அதுக்கு பரங்கிமலை ஏறி அவர் சிலை பக்கத்துல நின்னு ரெக்கார்ட் பண்ணலாம்னு இருக்கேன். ஆனா வெயில் இறங்கினப்புறம்தான்.